செம்பருத்தி இல்லாத ரோடு

தான் செத்துப்போன செய்தியைக் கனகேஸ்வரி சௌராஸ்தா பாசாரில், வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கேள்விப்பட்டாள்.

காய்க்கடைக்காரம்மா முன்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய தாழ்த்திய குரலே மூன்று கடை தள்ளிக் கேட்கும்.

"டிரைவிங் டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்கல்ல, வெள்ளை டட்சன், மேல போர்டு வச்சிருக்கும்? கர்னி டிரைவ்ல பட்டப்பகல்ல காடிய நடு ரோட்டுல விட்டுட்டு, அப்படியே நடந்து போயி கடல்ல இறங்கிட்டாங்களாம்."

"ஐயோ! யாரு சொன்னா?"

"எங்க மச்சானோட கூட்டாளி. அவரும் நேரா பார்க்கல. ஐஸ் கச்சாங் விக்கிற ஆளு பார்த்துட்டு இவருகிட்ட சொல்லியிருக்காரு. செருப்ப மட்டும் சுவத்து மேல சோடியா வச்சிட்டுப் போயிருக்காங்க லா."

குடையும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றிருந்த கனகேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆளு கிடைச்சாங்களா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா கிடைக்கிறது? மூணு வாரம் ஆச்சு. இந்நேரம் லங்காவித் தீவைத் தாண்டியிருக்கும்." காய்க்காரம்மா உச்சுக் கொட்டினாள். "நல்ல மனுசியாம். ஒரு நாள்கூட யாரையும் திட்டினதில்லையாம். உங்களுக்கு எவ்வளவு, ஒரு கிலோவா?"

அரைக் கிலோ போதும் என்று வாங்கிக்கொண்டு கனகேஸ்வரி வீட்டுக்கு நடந்தாள். மூன்று வாரத்தில் அவள் தனியாக வாசலைத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. அக்கா புஷ்பராணி ஆஸ்பத்திரி வேலை முடிந்து, நர்ஸ் உடுப்பை மாற்றாமலேயே கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் செத்துட்டேனாம்."

"வெண்டைக்காய் முத்தலில்லாமப் பார்த்து வாங்கினியா?"

"கடல்ல இறங்கிட்டேனாம். செருப்பைச் சோடியா சுவத்து மேல வச்சிட்டு."

"அதுலயே தெரியலையா பொய்யுன்னு? நீ பிறந்ததுல இருந்து என்னைக்குச் செருப்பைச் சோடியா வச்சிருக்க?"

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கதையில் கடலையும் செருப்பையும் தவிர மற்றதெல்லாம் உண்மை.

*

தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தார். மூத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இளையவள் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப் அடித்தாள். எழுபத்தெட்டில் கம்பெனி கோலாலம்பூருக்குக் குடிபோனது. கூட வரச் சொன்னார்கள்; கனகேஸ்வரி மாட்டேன் என்றாள். அப்பா விட்டுப்போன கார் இருந்தது, ஓட்டத் தெரியும், பொறுமை இருந்தது. ஆண்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு கார் பழகப் பிடிக்காத பெண்கள் ஊர் நிறைய இருந்தார்கள். சொல்லிக்கொடுக்கும் லைசென்ஸ் எடுத்து, பக்கத்துச் சீட்டின் காலடியில் இரண்டாவது பிரேக் பூட்டிய ஒரு டட்சன் வாங்கி, கூரையில் தன் பெயர் போட்ட பலகையை மாட்டினாள்.

நர்ஸுகள் வந்தார்கள், கான்வென்ட் டீச்சர்மார் வந்தார்கள், மளிகைக்கடை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கன்னிகாஸ்திரிகள் இரண்டு பேர் ஒன்றாக வந்து, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின் சீட்டில் ஜெபம் சொன்னார்கள். டீச்சர் கத்த மாட்டார் என்ற பேச்சு ஒன்றே விளம்பரம். வீட்டுக்குப் போய்க் கூட்டிவருவதும், ஜேபிஜே லைசென்ஸ் ஆபீஸ் வரிசையில் நிற்பதும், எண்ணெய் மாற்றுவதும், போன் எடுப்பதும் எல்லாம் அவள் ஒருத்தியே.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் ஆள் போய்விடும். தையற்காரிக்குத் தீபாவளி வருஷா வருஷம் வரும். லைசென்ஸ் ஒரு தடவைதான் எடுப்பார்கள். அதனால் போன் அடித்தால் கனகேஸ்வரி இல்லை என்று சொன்னதே இல்லை. காலை ஆறு மணிக்கா, சரி. மத்தியானச் சாப்பாட்டு நேரமா, சரி. ஞாயிற்றுக்கிழமையா, அதுக்கென்ன. குளிக்கும்போது மணி அடித்தால் தலையில் சோப்பு நுரையோடு ஓடிவருவாள்.

எல்லாரும் சீக்கிரம் பாஸாகவேண்டும் என்பதற்காக அவள் ஒரு முறை கண்டுபிடித்தாள். டெஸ்ட் ரோடு எப்போதும் ஒன்றுதான். அதில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவந்தாள். அந்த ரோட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் அடையாளமாக வைத்தாள். தபால் பெட்டி வந்ததும் கிளச். மஞ்சள் சுவர் முடிந்ததும் இரண்டாம் கியர். மூலை வீட்டுச் செம்பருத்தி கண்ணாடிக்கு நேரே வந்ததும் ஸ்டியரிங் ஒன்றரைச் சுற்று. பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பெண்கள் பாஸானார்கள். ஒரு தடவை மூலை வீட்டுக்காரர் செம்பருத்தியை வெட்டிவிட்டார். அந்த வாரம் மூன்று பேர் பெயில். ஒரு அம்மாள் திரும்பவே இல்லை. நேரே போய் எதிர்க்கடை வாசலில் அடுக்கியிருந்த முட்டைத் தட்டுகளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். கனகேஸ்வரி அந்த வீட்டுக்காரரிடம் கெஞ்சிப் புதுச்செடி நடவைத்தாள். அது வளரும்வரை வேலியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது.

எட்டு வருஷத்தில் ஐந்து நோட்டுப் புத்தகம் பெயர்களால் நிறைந்தது. பாஸானவர்களுக்குப் பக்கத்தில் சரி போட்டிருப்பாள். அதே எட்டு வருஷத்தில் அவளுடைய வலது கால் தூங்குவதை நிறுத்தியிருந்தது. பஸ்ஸில் போனால் கால் தரையை அமுக்கும். சினிமாவில் கார் வந்தால் அமுக்கும். "படுக்கையில யாரை இடிக்காம நிறுத்துற?" என்று அக்கா கேட்பாள்.

மூன்று வாரத்துக்கு முந்தின அந்தச் செவ்வாய்க்கிழமை, கர்னி டிரைவில், ஸ்டியரிங்கில் இருந்தது ஹாஜரா என்ற மாணவி. நாற்பத்தாறு வயது, கணவர் ஷேக் அலாவுதீனுக்குச் சின்ன மளிகைக்கடை. அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, வேன் வீட்டு வாசலில் மாதக்கணக்காக நின்றது. மகள் பாலிக் புலாவில், தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மலை வளைவெல்லாம் தானே ஓட்டிப்போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கவேண்டும் என்று ஹாஜரா ஆசை வைத்திருந்தாள். டெஸ்டுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"டீச்சர், இப்ப பிரேக்கா?" என்று ஹாஜரா கேட்டாள்.

முன்னால் ஒரு திரிஷா, சைக்கிள் ரிக்ஷா. எளிய கேள்வி, பத்தாயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி. கனகேஸ்வரி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கால் அசையவில்லை. எட்டு வருஷம் தூங்காத கால் அந்த ஒரு நொடியில் மரக்கட்டையாகக் கிடந்தது. ஹாஜராவே பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. திரிஷாக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை.

கனகேஸ்வரி கதவைத் திறந்து இறங்கினாள். ரோட்டைக் கடந்து, கடலோரச் சுவரில் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். செருப்பு காலிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பின்னால் ஹாரன்கள் கத்தின. "டீச்சர்! டீச்சர்! எஞ்சினை ஆப் பண்ணவா, வேணாமா?" என்று ஹாஜரா கூப்பிட்டதும் கேட்டது. திரும்ப முடியவில்லை. ஐஸ் கச்சாங்காரர் ஓடிவந்து காரை ஓரம் கட்டினார். நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஹாஜராவின் தெருக்காரர்களும் இருந்தார்கள். கனகேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து படுத்தாள். சாயங்காலம் அக்காதான் போய்க் காரை எடுத்துவந்தாள்.

*

புஷ்பராணி தங்கையை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் எல்லாம் சோதித்தாள். ரத்தம் சரி, பிரஷர் சரி, சீனி சரி.

"அப்ப எனக்கு என்னதான்?"

"ஹேண்ட்பிரேக்க இழுத்து வச்சிட்டே எட்டு வருஷம் ஓட்டியிருக்க. புகை வராம என்ன வரும்?"

கனகேஸ்வரி தூங்கினாள். முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். போன் மணி கேட்டாலே அவள் போர்வைக்குள் புகுந்துகொண்டதால் அக்கா போனை வயரோடு தூக்கிக் காலி அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள். உள்ளிருந்து அது தவளை மாதிரி முனகும். ஒரு தடவை மட்டும் அக்கா மூடியைத் திறந்து எடுத்தாள்.

"யாரு?" என்று கட்டிலிலிருந்து கனகேஸ்வரி கேட்டாள்.

"அந்த ஹாஜரா. இது பதினோராவது தடவையாம்."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தாப் பரவாயில்ல. டீச்சருக்கு உடம்பு எப்படின்னு கேட்டாங்க. டெஸ்ட் தேதி போயிடுச்சு, பரவாயில்ல, டீச்சரை ஓய்வெடுக்கச் சொல்லுங்கன்னாங்க. வேற யாருகிட்டயும் பழகப் போறதில்லையாம்."

கனகேஸ்வரி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு ஹாஜரா கூப்பிடவில்லை.

மற்ற மாணவிகள் ஒவ்வொருவராக வேறு இடம் போனார்கள். பெரும்பாலோர் போனது கார்த்திகேசுவிடம். ஒன்பது கார் வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனிதர். அறுபது வயது, நல்ல குணம், வாய்தான் நீளம். அவரே ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் சுத்தி வளைக்கல. உன் டட்சனை எனக்குக் குடு. நீயும் வந்துரு. சம்பளம் மாசாமாசம். போன் நான் பார்க்கிறேன், ஜேபிஜே நான் பார்க்கிறேன். நீ வந்து உட்கார்ந்தா போதும்."

"போர்டு, அண்ணே?"

"என் பேரு பெருசு, உன் பேரு சின்னதா கீழ. ரெண்டும் பெருசா எப்படிம்மா கூரையில நிக்கும்?" அவர் சிரித்தார். பிறகு இறங்கிய குரலில், "தனியா நின்னு நீ காட்டின வரைக்கும் பெரிய விஷயம். ஆனா உடம்பு ஒண்ணுதானே. பாசார் போய் வர ஆரம்பி. அடுத்த ஞாயிறு வர்றேன். சாவிய ரெடியா வை" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கனகேஸ்வரிக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னபடியே பாசாருக்குப் போய்த்தான் தன் சாவைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. அவர் சொன்ன ஞாயிறு அடுத்த வாரக் கடைசியில், அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

*

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பச்சை டொயோட்டா மெதுவாகப் போனது. போன வெள்ளிக்கிழமையும் இதே நேரத்தில் இதே கார் போனது ஞாபகம் வந்தது. உள்ளே இருந்தது நல்லம்மா. ஐம்பத்தொன்பது வயது, போன வருஷம் பாஸானவர். கணவர் தம்பு இறந்த பிறகு, அவர் விட்டுப்போன காரை ஓட்டுவதற்காகவே பழகினவர். நெற்றியில் திருநீறு, பக்கத்துச் சீட்டில் அர்ச்சனைத் தட்டு. நல்லம்மாவின் வீடு புலாவ் தீக்கூஸில். அங்கிருந்து தண்ணீர்மலைக் கோயில் கூப்பிடு தூரம். இந்தப் பக்கம் இவருக்கு என்ன வேலை?

கத்தியைப் போட்டுவிட்டுக் கனகேஸ்வரி வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள். கார் மஞ்சள் சுவர் முடிந்ததும் இரண்டாம் கியருக்கு மாறி, செம்பருத்தியில் சரியாக ஒன்றரைச் சுற்று திரும்பி, ஒரு வட்டம் அடித்து மறுபடி வந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

நல்லம்மா கண்ணாடியை இறக்கினார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "டீச்சர்! நீங்க... தவறிட்டீங்கன்னு..."

"அது மூணு வாரத்துக்கு முன்ன. நீங்க எங்க போறீங்க அக்கா?"

"கோயிலுக்கு."

"கோயில் உங்க வீட்டுக்கிட்டதானே இருக்கு?"

நல்லம்மா ஸ்டியரிங்கைப் பார்த்தார். "எங்க வீட்டுல இருந்து கோயிலுக்கு எப்படி ஓட்டுறதுன்னு எனக்குத் தெரியாதே டீச்சர். எங்க வீட்டுல இருந்து டெஸ்ட் மைதானம், அது தெரியும், நீங்க கூட்டிட்டு வர்ற ரோடு. மைதானத்துல இருந்து இந்த ரவுண்டு தெரியும். ரவுண்டு முடியிற இடத்துல இருந்து கோயில் கோபுரம் தெரியும், அப்படியே போயிருவேன்."

"ஒவ்வொரு வெள்ளியுமா?"

"போகும்போது ஒரு ரவுண்டு, வரும்போது ஒரு ரவுண்டு. கொஞ்சம் எண்ணெய் செலவுதான். அர்ச்சனைப் பூ வாடிடும்."

கனகேஸ்வரி காரின் கூரையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். நல்லம்மாவும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. பிறகு நல்லம்மா சாதாரணமாக ஒன்று சொன்னார்: "கோயில் பக்கம் செம்பருத்தி இல்லையே டீச்சர். அதான்."

சிரிப்பு நின்றது. கார் போன பிறகும் கனகேஸ்வரி வாசலிலேயே நின்றாள். எட்டு வருஷமாகத் தான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருந்தாள். சொல்லிக்கொடுத்தது ஒரு ரோட்டை. அந்த ஒரு ரோட்டில் கூடவே உட்கார்ந்து, ஒவ்வொருத்திக்குப் பதிலாகவும் தானே பிரேக் மிதித்து, தானே கண்ணாகவும் இருந்து, மிதித்து மிதித்து இப்படி ஓய்ந்திருக்கிறாள்.

உள்ளே போய் அரிசி டின்னைத் திறந்து போனை வெளியே எடுத்தாள்.

"என்ன, உயிர் வந்திருச்சா?" என்றாள் அக்கா.

"எனக்கில்ல, நோட்டுப் புத்தகத்துக்கு."

மறுநாள் முதல் காலை எட்டிலிருந்து பத்துவரை போன். பத்தடித்ததும் ரிசீவரை வைத்துவிடுவாள். பாதிப் பேச்சில் நின்றாலும் வைத்துவிடுவாள். ஐந்து நோட்டிலும் சரி போட்ட பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டாள். கேள்வி ஒன்றுதான்: "காடி ஓட்டுறீங்களா?"

லைசென்ஸ் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்றாள் ஒருத்தி. தேடிவிட்டு வந்து, அலமாரியில் கல்யாணப் பட்டுச்சேலை மடிப்புக்குள் இருக்கிறது என்றாள். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறார், ஒரே நாளோடு விட்டுவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. மழை வந்தால் ஓட்ட மாட்டேன், வெயில் கண்ணில் அடித்தாலும் ஓட்ட மாட்டேன் என்றாள் மூன்றாவது ஆள். பள்ளிக்கூட டீச்சர் மஹ்பூபா மட்டும் தினமும் ஓட்டுவதாகச் சொன்னாள்.

"அல்ஹம்துலில்லா! ஒருத்தராவது ஓட்டுறீங்களே" என்றாள் கனகேஸ்வரி.

"ஆனா வலது பக்கம் திரும்ப மாட்டேன் டீச்சர். எதுத்தாப்புல வண்டி வரும்ல? இடது இடதாவே போயிடுவேன்."

"இடதாவே போயி எப்படி ஸ்கூல் வரும்?"

"வரும் லா. கொஞ்சம் சீக்கிரமா கிளம்பணும்."

ஒவ்வொருவரிடமும் கனகேஸ்வரி ஒரே விஷயத்தைச் சொன்னாள். தப்பு உங்களுடையதில்லை, என்னுடையது. மறுபடி வருகிறேன். இந்தத் தடவை உங்கள் காடியில், உங்களுக்குப் போகவேண்டிய இடத்துக்கு. பாசாருக்கோ, பிள்ளைகளின் ஸ்கூலுக்கோ, பாலத்துக்கு அந்தப் பக்கமோ. ஆனால் காலையில் இரண்டு பேர், சாயங்காலம் ஒருத்தர். மத்தியானம் நான் தூங்குவேன். ஞாயிறு கிடையாது.

அவசரமாக ஒருத்தி ஞாயிறு கேட்டாள். "இல்லை" என்றாள் கனகேஸ்வரி. சொல்லிவிட்டு ரிசீவரைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். வானம் இடிந்து விழவில்லை. "அப்ப திங்கள்?" என்றது போன்.

ஐந்தாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஹாஜராவின் பெயர் இருந்தது. சரியும் இல்லை, பெருக்கலும் இல்லை. தினமும் அந்தப் பக்கம்வரை வருவாள். பத்தடித்துவிட்டது என்று சொல்லி நோட்டை மூடுவாள், பத்தடிக்காவிட்டாலும் மூடுவாள். மற்றவர்களைத் தப்பாகப் பழக்கித்தான் அனுப்பினாள். ஹாஜராவை நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போனாள். எத்தனை பேர் வந்தாலும் அந்த ஒரு பெயர் பதில் சொல்லாதவரை தன்னை டீச்சர் என்று யாரும் கூப்பிடுவதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

*

முதல் பாடம் வியாழக்கிழமை, நல்லம்மாவுக்கு. நல்லம்மாவின் தங்கை கடலுக்கு அந்தப் பக்கம், தாசேக் கெலுகோரில் இருக்கிறாள். தம்பு இறந்ததிலிருந்து நல்லம்மா அங்கே போகவில்லை. கடல் மேல் பாலம் திறந்து ஒன்றரை வருஷம் ஆகியும் அதன் மேல் ஏறியதில்லை.

பச்சை டொயோட்டாவின் இடது சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கனகேஸ்வரிக்கு அது உறைத்தது. காலடியில் ஒன்றும் இல்லை. ரப்பர் விரிப்பு மட்டும். இரண்டாவது பிரேக் டட்சனில் இருக்கிறது. இது நல்லம்மாவின் கார். இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் கை கதவுப் பிடிக்குப் போனது. நல்லம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டார்.

"டீச்சர், இறங்குறதா இருந்தா இங்கயே இறங்கிடுங்க. பாலத்து மேல இறங்கிடாதீங்க, அங்க சுவரு உயரம்."

கனகேஸ்வரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஓட்டுங்க அக்கா."

குளுகோர் தாண்டிப் பாலத்தில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு லோரி உறுமிக்கொண்டு முந்திப்போனது, கார் ஆடியது. கனகேஸ்வரியின் வலது கால் ரப்பர் விரிப்பை அமுக்கியது. மறுபடி அமுக்கியது. கார் நிற்கவில்லை.

"டீச்சர், இங்க மரமே இல்லையே!"

"கடல்ல எப்படி மரம் இருக்கும்?"

"தபால் பெட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் எதைப் பார்த்து ஓட்டுறது?"

"ரோட்டைப் பாருங்க அக்கா. முன்னால போற காடியப் பாருங்க. எப்ப மிதிக்கணும்னு உங்களுக்கே தோணும்."

"தோணலைன்னா?"

"தோணும். பதினோரு மாசமா யாரு துணையும் இல்லாம வாரா வாரம் ரெண்டு ரவுண்டு அடிச்சிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த ஊருல டெஸ்ட் ரோட்டை அத்தனை தடவை ஓட்டின ஆளு வேற இல்ல."

நடுப்பாலத்தில் முன்னால் ஒரு பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்தது. கனகேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. நல்லம்மா பிரேக்கை மிதித்தார், மெதுவாக, சீராக, பால் பாத்திரத்தை இறக்கிவைக்கிற மாதிரி. கார் வேகம் குறைந்து, பஸ் நகர்ந்ததும் தானும் நகர்ந்தது. கனகேஸ்வரி குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது விரிப்பின் மேல் சாதுவாகக் கிடந்தது. எப்போது அமுக்குவதை நிறுத்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் கரையில் நல்லம்மா காரை ஓரம் நிறுத்தி, பின் சீட்டு அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துப் பாதியை டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, "அவரு பார்த்திருக்கணும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாசேக் கெலுகோர்வரை கனகேஸ்வரி கடலையும் ரப்பர் மரங்களையும் பார்த்துக்கொண்டு போனாள். காரில் போகும்போது வெளியே பார்ப்பது எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது பாதிப் பாலத்தில் தூங்கியே போனாள். இந்தக் கதையை நல்லம்மா பிறகு கோயிலில் எல்லாரிடமும் சொன்னார்: "பாலத்து மேல நான் ஓட்டுறேன், டீச்சர் தூங்குறாங்க!" கடலில் இறங்கின கதையை அது இரண்டே நாளில் தின்றுவிட்டது. அதைக் கேட்டு, கனகேஸ்வரியிடம் ஒரு நாளும் பழகாத இரண்டு பெண்கள் போன் பண்ணினார்கள். பாலத்துக்கு மட்டும் பாடம் உண்டா என்று கேட்டார்கள்.

*

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கார்த்திகேசு வந்தார். இந்தத் தடவை பழம் இல்லை. டட்சனுக்கு விலை எழுதி மடித்த காகிதம் ஒன்று இருந்தது. புஷ்பராணி கோப்பி கொடுத்தாள்.

"என்ன தங்கச்சி, லங்காவியில இருந்து எப்ப திரும்பின?"

"வியாழக்கிழமை அண்ணே. பாலம் வழியா."

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். தூங்கிக்கிட்டே சொல்லிக்கொடுக்கிறியாமே. அந்த வித்தைய என் ஆளுங்களுக்கும் கொஞ்சம் காட்டு."

"காட்டுறேன். அதுக்கு முன்ன நீங்க எனக்கு ஒண்ணு குடுக்கணும். உங்ககிட்ட பாஸானவங்க பேரு லிஸ்ட்."

கார்த்திகேசு கோப்பியை வைத்தார். "எதுக்கு?"

"அதுல பாதிப் பேரு ஓட்டுறதில்ல அண்ணே. லைசென்ஸ் சேலைக்குள்ள இருக்கு. நீங்க பாஸ் பண்ண வைங்க. ஓட்ட வைக்கிறது என் வேலை. அவங்கவங்க காடியிலயே."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஒன்பது காடி வச்சிருக்கேன், எனக்குத் தோணலையே இது! உன்னை வேலைக்கு எடுக்க வந்தா, நீ என் மாணவிங்களை எடுத்துக்கப் பார்க்கிற." மனுஷன் சிரிப்பில் பொய் இல்லை. "சரி, லிஸ்ட் தர்றேன். ஆனா அப்படின்னா டட்சன் உனக்கு எதுக்கு? அவங்க காடியில நீ போறதா இருந்தா, ரெண்டு பிரேக் காடி சும்மா நின்னு துரு பிடிக்கும். அத எனக்கே குடுத்துரு. போர்டைக் கழட்டி நீயே வச்சுக்க."

அதுவும் தப்பில்லாத பேச்சுதான். கனகேஸ்வரி சாவியைக் கையில் எடுத்தாள்.

"லைசென்ஸ் இல்லாத ஒருத்தருக்கு அதுல பாடம் பாக்கி இருக்கு அண்ணே."

"யாரு?"

"ஹாஜரா. நான் விட்டுட்டு இறங்கினேனே, அவங்க."

கார்த்திகேசுவின் முகத்திலிருந்த கேலி போனது. "ஒரு மாசமாச்சேம்மா. அவங்க வரலைன்னா?"

"வரலைன்னா சாவி உங்களுக்கு. அந்தக் காடியில உட்கார எனக்கு வேற ஆளு இல்ல."

சாவியைப் போன் பக்கத்தில் வைத்தாள். ஐந்தாவது நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். மணி இன்னும் பத்தடிக்கவில்லை. அடித்திருந்தாலும் இன்று மூட முடியாது. ஹாஜராவின் மகளுக்கு இந்த மாதம்தான் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினாள். டயல் ஒவ்வொரு தடவையும் நிதானமாகத் திரும்பி வந்தது.

அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.

மூன்று. நான்கு. ஜங்ஷனில் நின்று வண்டிகளை எண்ணுவது மாதிரி எண்ணினாள். ஏழு. பதினோரு தடவை கூப்பிட்ட பெண்ணுக்கு இந்தப் பக்கம் எத்தனை மணி அடித்திருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எட்டு. ஒன்பது. கார்த்திகேசு கோப்பிக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"எடுக்கல" என்றாள் கனகேஸ்வரி.

"அது கடைவீடு" என்றாள் புஷ்பராணி, கரண்டியோடு வாசற்படியில் நின்றபடி. "நீளமான வீடு. அடுப்படியில இருந்து முன்னால வர நேரமாகும். வச்சிடாத."

கனகேஸ்வரி ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.